கூரைத் திரை

ஹட்டன் கடைவீதியில் தூறல் விட்டபாடில்லை. வேன்களுக்கு டிவி பூட்டும் நுஸ்கியின் கடையில், கண்ணாடி மேசைமேல் இரண்டு திரைகள் எரிகின்றன. ஒன்று கூரையிலிருந்து மடிந்து இறங்கும் பெரிய திரை. அதில் சத்தமில்லாமல் ஒரு கல்யாணப் பாட்டு ஓடுகிறது. மற்றது வண்டிக்குப் பின்னால் இருப்பதைக் கமராவில் காட்டும் உள்ளங்கை அளவுத் திரை. இடுப்பில் மகளை வைத்திருக்கும் சுலக்ஷனா, சின்னதன்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. வாடகை வேன் ஓட்டும் கணவன் மதுரன் அந்த விரலைத் தட்டிவிட்டுப் பெரியதைத் தன் பக்கம் இழுக்கிறான்.

"படம் இல்லாத வேனுக்கு எவன் ஹயர் குடுப்பான்? பின்னுக்கு எடுக்கையில நீதான் நின்னு வண்டியத் தட்டி வழி காட்டுறியே."

"போன கிழமை நான் தோட்டத்துல பேர் குடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போயிட்டேங்க. நம்ம லயத்து வீட்டு வாசல்ல யாரு நின்னு தட்டுனா?"

"புள்ளையோட செருப்புதானே நசுங்கிச்சு."

"அவ அதக் கழட்டிப் போட்டுட்டு ஓடுனதால."

நுஸ்கி இருமிக்கொண்டு வெளியே தூறலைப் பார்க்கிறார். மதுரன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெருசையே பூட்டுங்க, நுஸ்கி நானா. இவ சொல்லியா நான் வண்டி ஓட்டுறேன்?"

சுலக்ஷனா குரலை உயர்த்தவில்லை. "நாங்க பஸ்ல போறோம். இனி வேன் லயத்துக்கு இறங்க வேணாம், மேல ரோட்டுலயே நிக்கட்டும். நீங்களும் அதுலயே படம் பாத்துக்கிட்டுப் படுத்துக்கங்க."

பாட்டைப் பார்க்கத் திரும்பும் மகளின் தலையைத் தோளோடு அழுத்திக்கொண்டு, அவள் பொகவந்தலாவை பஸ்ஸை நோக்கி நனைந்தபடி நடக்கிறாள்.