பாஸாகாத பலகை

"மறுபடியும் புட்டுக்கிச்சு மேடம். உங்க கம்பெனியில பலகை செய்றீங்களா, அப்பளம் பொரிக்கிறீங்களா?"

கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரியின் சோதனைக்கூடம். அமுக்கிப் பார்க்கும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான் பொன்னுராஜ். கண்ணாடி இழையில் நெய்த துணியை அடுக்கி, பிசின் ஊற்றி இறுக்கிய பலகைத் துண்டு நடுவில் மடிந்து கிடந்தது.

அதைக் கொண்டுவந்த வெங்கடேஸ்வரியின் முகம் வாடவில்லை. ராஜபாளையத்தில் அந்தப் பலகை செய்யும் கம்பெனியில் அவள் இன்ஜினீயர். சனிக்கிழமையானால் துண்டுகளோடு பஸ் ஏறிவிடுவாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ்ல அம்புட்டு நெரிசல். நானே தாங்கிட்டேன், இது தாங்கலையே சார்! இழுத்துப் பாத்தா மட்டும் நல்லாத் தாங்குது."

"இழுத்தா நூல் விறைச்சு நிக்கும். அமுக்கினா, நெசவுல எங்க வளைஞ்சிருக்கோ அங்க மடங்கிரும். அதுலயும் உங்க ஆளுக துணியைச் சாய்ச்சுல்ல அடுக்கியிருக்காங்க!"

"அப்படியா? எனக்குத் தோணவே இல்லையே. அடுத்த வாரம் வேற கொண்டு வாரேன்."

"அடுத்த வாரம் இங்க வேற ஆளு இருப்பாரு மேடம். எனக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

துண்டுகள் கொண்டுவந்த டப்பாவை மூடப்போன அவள் கை நின்றது. "போயித்தான் ஆகணுமா சார்?"

"இங்க என்னை யாரு தேடப்போறா? இந்த மிஷின் தேடினாத்தான் உண்டு."

அவள் சிரிக்கவில்லை. உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பொன்னுராஜுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், யாரோ செய்யும் தப்புக்கு இவள் அலைகிறாள். ஊரை விட்டுப் போவதற்குள் ஓர் உதவியாவது செய்யலாமென்று, அவளுடைய மேனேஜர் சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டான்.

"சார், துணியை மட்டும் நேரா அடுக்கச் சொல்லுங்க, பலகை பாஸாகிரும். மேடம் எம்புட்டு நாளைக்குத்தான் அலைவாங்க?"

சுயம்புலிங்கம் திருப்பிக் கேட்டார்.

"எந்தப் பலகை தம்பி? அந்த ஆர்டரைப் பொங்கலுக்கு முன்னாலயே கைவிட்டாச்சே! நேரா அடுக்குங்கன்னு எங்க ஆளுகளைப் பாடாப் படுத்துறதே அந்தப் பொண்ணுதான்... ஆமா, சனிக்கிழமை தவறாம லீவு போடுறது அங்க வாரதுக்குத்தானா?"