தையல்காரர் வியந்த தையல்

மாடிப்படியில் கால் தவறி விழுந்ததில், தையல்காரரின் மனைவிக்குக் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. பள்ளி ஆசிரியை. பேச முடியாமல் கண்ணீர் விட்டாள்.

தெருமுனைப் பல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

“இது என் கைக்கு மீறினது. தாடை ஆபரேஷன்ல கைதேர்ந்தவங்க ஒருத்தர் இருக்காங்க. கடிதம் தர்றேன், அவங்ககிட்ட போங்க.”

“பக்கத்துல வேற யாராவது...?”

“என் தாடை உடைஞ்சாலும் அங்கதான் போவேன்.”

அந்த டாக்டரம்மா கடிதத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, “நாளைக்கே பண்ணிடலாம்” என்றார்.

ஆறு வாரத்தில் ஆசிரியை வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். தையல்காரர் நன்றி சொல்லப் பல் டாக்டரிடம் ஓடினார்.

“முப்பது வருஷமா தைக்கிறேன் சார். தாடைக்கடியில அவங்க போட்ட மாதிரி ஒரு தையலைப் பார்த்ததில்ல. தழும்பைத் தேட வேண்டியிருக்கு!”

பல் டாக்டரின் முகம் மலர்ந்தது. “அவ கை அப்படி.”

“அவளா? தங்கச்சியா சார்?”

“மனைவியா இருந்தா. போன வருஷம் விவாகரத்து ஆச்சு.”

“அப்படியிருந்தும் அவங்ககிட்டயே அனுப்பினீங்களா சார்?” என்றார் தையல்காரர்.

“எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை. அதுக்காக அவ வேலையைக் குறைச்சுச் சொன்னா என் நாக்கு கூசும்” என்றார் பல் டாக்டர்.