தங்கை வண்டிக்குப் போட்டதெல்லாம்

"இனி மூக்குத்தியும் கம்மலும்தான்ப்பா பாக்கி. அதையும் வாங்கி மாட்டி விட்டுருங்க!"

தெருமுனையில் திரும்பி மறைந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தபடியே சொன்னாள் லிடியா. தங்கை வினோலியாவை வாசலில் இறக்கிவிட்டு, 'கூட்டாளி ஒருத்தனப் பாத்துட்டுச் செத்த நேரத்துல வாரேன்' என்று அதில் புறப்பட்டுப் போனவன் தங்கையின் கணவன் ரோஷன்.

ஆரோக்கியதாஸ் தம் மகள்கள் இருவருக்கும் திருமணத்தின்போது ஒரே நிறத்தில், ஒரே மாதிரியான வண்டியைத்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். மூத்த மருமகன் ரொனால்டின் வண்டி, வாங்கிய கோலத்திலேயே ஐந்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. இளைய மருமகனின் வண்டியோ ஓராண்டுக்குள் ஆளே மாறிவிட்டது.

கிறிஸ்துமசுக்கு வந்தபோது, முன்புறம் கால்களைக் காக்கும் தடித்த கிராஷ் கார்டு. ஈஸ்டருக்கு வந்தபோது, பின்னால் அமர்பவருக்குச் சாய்மானமும் கைப்பிடியும். இன்றோ, பின்சக்கரத்தின் இருபுறமும் பளபளக்கும் இரும்புக் கம்பிகள். அத்தனையும் ஆரோக்கியதாஸ் செய்து கொடுத்தவை.

"அவ கேட்டாளா, நீங்களாப் போட்டீங்களா?"

"நானாத்தாம்மா போட்டேன்."

"அப்ப எனக்கு?"

"உனக்குத் தேவைப்படலையேம்மா."

"ஆமாப்பா! அவ சேலையில அழுக்குப் படக் கூடாது. நான் மட்டும் ரெட்டியார்சத்திரத்துல இருந்து புழுதி குடிச்சுக்கிட்டு வரலாம்."

வினோலியா சிரிக்க முயன்றாள்.

"உனக்கு வேணும்னா அதையெல்லாம் கழட்டி உன் வண்டிக்கு மாட்டிக்கோக்கா."

"நீ போட்டுக் கழிச்சது எனக்கெதுக்குடி?"

வினோலியா சமையலறைக்குள் சென்றுவிட்டாள். லிடியா தன் கணவனிடம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? பதில் சொல்லக்கூட மதிக்க மாட்டேங்கிறா. காலையில பூசையில கோயிலே முட்டி போட்டிருக்கு. இவ மட்டும் பெஞ்சுல மகாராணி மாதிரி உக்காந்திருந்தா. எல்லாம் அப்பா குடுக்குற எடம்!"

"பாவம், அசதியா இருந்திருக்கும்" என்றான் ரொனால்டு.

"உங்ககிட்டப் போயிச் சொன்னேன் பாருங்க."

மதியம் எல்லாரும் உண்ண அமர்ந்தனர். ரோஷன் இன்னும் திரும்பவில்லை. கறிக்குழம்பு மணத்தது. லிடியா மட்டும் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஏம்மா, சாப்பிடலையா?" என்று கேட்டார் ஆரோக்கியதாஸ்.

"இறங்கலப்பா. அம்மா உசுரோட இருந்திருந்தா, ஏன் ஒருத்திக்கு ஒரு மாதிரி செய்யறீங்கன்னு அவங்க கேட்டிருப்பாங்க. நான் யாருகிட்டப் போயிக் கேக்க?"

வாய்க்குக் கொண்டுபோன கவளம் ஆரோக்கியதாஸின் கையிலேயே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வினோலியாவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

லிடியா அதைக் கவனித்துவிட்டாள்.

"என்னடி தலையாட்டுற? எனக்குப் போட வேணாங்கிறியா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

வினோலியாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"வந்துருச்சா? இந்தக் கண்ணீரைக் காட்டித்தானே ஒவ்வொண்ணா வாங்குற? எனக்கு அழத் தெரியாது. அதான் எங்க வண்டி மொட்டையா நிக்கிது."

"போதும்மா" என்று எழுந்தார் ஆரோக்கியதாஸ். "கையக் கழுவிட்டு வா. இன்னைக்கே போட்டுரலாம்."

"எனக்கெதுக்கு மாமா அதெல்லாம்?" என்றான் ரொனால்டு. "நான் ஓட்டுற வேகத்துக்குச் சைக்கிள்காரனே மணியடிச்சு முந்திப் போறான்."

"நீங்க சும்மா இருங்க! உங்களுக்கும் சேத்துத்தான் நான் கேக்குறேன்."

ரொனால்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவனுடைய வண்டியில் மகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார் ஆரோக்கியதாஸ். லிடியாவின் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு நிறைவு தெரிந்தது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் வண்டியை எந்த இடத்தில் நிறுத்தினால் எல்லாருடைய கண்ணிலும் படும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மட்டுமே விடுமுறை விடும் சௌகத் அலியின் கடை, பழனி சாலையில் திறந்திருந்தது. வாசலில் விதவிதமான கம்பிகளும் கண்ணாடிகளும் தொங்கின.

"நீ வண்டிகிட்டயே நில்லும்மா. நான் போயிப் பேசிட்டு வாரேன்."

"வேணாம்ப்பா. எனக்குன்னா மட்டமானதாப் பாத்து மாட்டி விட்டுருவீங்க. நானே கேட்டுக்கிறேன்."

தந்தை வண்டியை நிறுத்துவதற்குள் லிடியா விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

"பாய், நான் இவரோட மூத்த மக. என் தங்கச்சி வீட்டுக்காரர் ரோஷன் வண்டிக்கு எங்கப்பா என்னென்ன போட்டாரோ, அம்புட்டும் எங்க வண்டிக்கும் போடணும். ஒண்ணுகூடக் குறையக் கூடாது, ஆமா!"

சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த சௌகத் அலி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சொல்லாதே என்று பின்னாலிருந்து பதறிக் கைகாட்டிய ஆரோக்கியதாஸை அவர் பார்க்கவில்லை. லிடியாவைத்தான் தலை முதல் கால் வரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அட அல்லா! உன் வீட்டுக்காரரும் குடிச்சிட்டு வண்டி ஓட்டி, உன்னையக் கீழ போட ஆரம்பிச்சுட்டாராம்மா?"