புதன்கிழமைக் கோழி

“அம்மா, ஜன்னலைச் சாத்தட்டுமா? வாசம் மாடிக்குப் போயிரும்.”

“போகட்டும். நீ உக்காரு” என்றாள் சகாயசெல்வி.

இசைவாணிக்குப் பத்து வயது. இந்த வீட்டில் ஒரு முட்டை வேகவேண்டும் என்றாலும் முதலில் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று பழகி வளர்ந்தவள். இன்றைக்கு அம்மா பின்வாசல் கதவையும் சேர்த்து விரியத் திறந்து வைத்திருந்தாள்.

வீடெங்கும் அட்டைப்பெட்டிகளும் சாக்குமூட்டைகளும் கிடந்தன. பாத்திரங்களை எல்லாம் கட்டியாகிவிட்டது. வெளியே மிச்சமிருந்தவை ஒரு பெரிய வாணலி, ஒரு கரண்டி, சாப்பிடத் தட்டுகள். சோறு, குழம்பு, வெஞ்சனம் என்று தனித்தனியாக ஆக்க வழியில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் நர்ஸாக இருந்தபோது கற்றுக்கொண்ட பாஸ்தாதான் செல்விக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் ஒரே வாணலியில் முடிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து வரும்போதே எலும்பில்லாத கோழி வாங்கிவிட்டாள். வழக்கம்போலக் கைப்பைக்குள் ஒளிக்கவில்லை. தெருவே பார்க்கட்டும் என்று கையில் தொங்கவிட்டபடியே நடந்து வந்தாள்.

வெண்ணெயில் கோழித் துண்டுகள் சிவந்தன. நசுக்கிய பூண்டும் வெங்காயமும் மிளகும் விழுந்ததும் வாசம் எழும்பி, மாடிப்படியைப் பார்த்துக் கிளம்பியது. பாஸ்தாவை வேகவைக்காமல் அப்படியே கொட்டி, பாலும் தண்ணீரும் ஊற்றி மூடினாள்.

ஆறு வருடமாக இந்தப் பின்பக்கப் போர்ஷனில் குடியிருக்கிறார்கள். ‘வீட்டில் கவிச்சி கூடாது’ என்பது வீட்டுக்காரர் போட்ட கண்டிஷன். அவர் முன்பக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் மகனோடு போய் இருந்துவிட்ட பிறகும் கண்டிஷன் போகவில்லை. மாடியில் குடியிருக்கும் கௌசல்யா அதைக் காவல் காத்தாள். அவளும் வாடகைக்கு இருப்பவள்தான். ஆனாலும் குப்பைக்கூடையைக் கிளறிப் பார்க்கிற அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டாள்.

இசைவாணிக்கு அம்மை போட்டு எழுந்தபோது, தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். செல்வி முட்டையை அரிசியோடு போட்டு வேகவைத்து, உரித்த ஓட்டைக் காகிதத்தில் மடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்ப் போட்டாள். ஒருநாள் ஒரு துண்டு ஓடு வாசலில் சிந்திவிட்டது. கௌசல்யா அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற செல்வியின் புருஷன் கிறிஸ்துராஜ், அன்றைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெரியாமல் நடந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் குரலைச் செல்வியால் மறக்கவே முடியவில்லை.

“நாம எங்கம்மா போறோம்?” இசைவாணி சாக்குமூட்டையில் சாய்ந்தபடி கேட்டாள்.

“அப்பா பஸ்ஸு ஏறிட்டாரு. வரட்டும், சாப்பிடும்போது சொல்றேன்.”

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கௌசல்யா பின்வாசலில் வந்து நின்றாள்.

“என்ன செல்வி வாசம் இது?”

“கோழிக்கா.”

இம்புட்டுப் பட்டென்று பதில் வரும் என்று கௌசல்யா எதிர்பார்க்கவில்லை. மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தாள். அவர்கள் காலி செய்கிறார்கள் என்பது அவளுக்கு இரண்டு நாளாகவே தெரியும். முட்டை ஓட்டுக்குத்தான் வீட்டுக்காரர் கடைசியில் நடவடிக்கை எடுத்துவிட்டார் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் இருந்தாள்.

“காலி பண்ணிட்டுப் போறவ, போற எடத்துல ஆக்கித் திங்கக் கூடாதா? நாளைக்கு இங்க வேற ஆளு குடிவர வேணாமா?”

“எங்களுக்கு இன்னைக்குச் சாப்பாடு இதுதான்கா. இங்கதான் ஆக்குவேன்.”

“வீட்டுக்காரருக்குப் போன் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?”

“போடுங்க.”

செல்வி திரும்பிப் பார்க்காமல் வாணலியின் மூடியைத் திறந்தாள். சேர்த்து வைத்திருந்த பாலாடையை அடித்து ஊற்றி, சீஸையும் பிய்த்துப் போட்டுக் கிளறினாள். வெள்ளை வெளேரென்று குழைந்து கொதித்தது. இசைவாணி பயந்துபோய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கௌசல்யா நம்பரை அழுத்தினாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் போனை நீட்டிப் பிடித்தாள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து போட்டுக் கோழி ஆக்குவதையும், சொன்னாலும் கேட்காமல் எதிர்த்துப் பேசுவதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

“ஐயா, நீங்களே ஒரு வார்த்தை கண்டிச்சுச் சொல்லுங்க. பக்கத்துலதான் நிக்கிறா.”

மறுமுனையில் பெரியவர் இருமிவிட்டு, “வித்த வீட்ல நான் எப்படிம்மா கண்டிக்கிறது?” என்றார். “திங்கக்கிழமையே அவங்களுக்குக் கிரயம் பண்ணிக் குடுத்துட்டேனே. முன்பக்க வீட்டுக்குத்தான் சாமான் மாத்துறாங்க. மாடியில நீ இருக்கிறதா இருந்தாலும் இனிமே செல்விகிட்டத்தாம்மா கேக்கணும்.”

கௌசல்யாவின் மூக்கை மூடியிருந்த தலைப்பு தானாகக் கீழே இறங்கியது. “செல்வி... நாங்க... நீங்க என்ன சொல்றீங்களோ...” என்று இழுத்தாள்.

செல்வி அடுப்பை அணைத்தாள். “தாராளமா இருங்கக்கா. ஆனா உங்க அடுப்புல என்ன வேகுதுன்னு கேட்டு, இந்த வீட்டுக்காரி ஒருநாளும் மாடிப்படி ஏற மாட்டா.”