ஏறியவர் ஒருவர், இறங்கியவர் இருவர்

மின்விசிறி போடுகிற சத்தத்தில் அலுவலகமே கூரையோடு பறந்துவிடும் போலிருக்கிறது. காற்று மட்டும் ஒரு காகிதத்தையும் அசைப்பதில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டும் அக்கா மேஜை முன் நிற்கிறாள். ஏழை நோயாளிகளை ஏற்றிய செலவை அரசு திருப்பித் தருவதற்கான விண்ணப்பத்தை எழுத்தர் ஏழாவது முறையாகப் பேன் பார்ப்பதுபோல் பார்க்கிறார். நாலு மாதமாகப் பணம் வரவில்லை; கடைசிச் சொட்டு டீசலில் வந்த வண்டி வாசலில் நின்றுவிட்டது. "ஏறினது ஒருத்தர், இறங்கினது ரெண்டு பேரா? எப்படிம்மா?" "வழியில பிரசவம் ஆயிடுச்சு சார்." "அப்ப குழந்தை எங்க ஏறுச்சு? அந்தக் கட்டம் காலியா இருக்கே." அவள் காதில் புகை வராத குறைதான். "அதை அந்தப் பொண்ணோட புருஷன்கிட்டதான் சார் கேக்கணும்!" வரிசை மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அவள் சிரிக்கவில்லை. கைப்பேசி அடிக்கிறது. "அக்கா, வண்டி கெளம்பிடுச்சா? அப்பாவுக்கு மூச்சு வாங்குது!" அலறும் கைப்பேசியை அவள் விண்ணப்பத்தின் மேலேயே வைக்கிறாள். "டீசல் இல்ல, வண்டி வராதுன்னு நீங்களே சொல்லுங்க சார்." சிரிப்பு அடங்கிவிடுகிறது. "ஹலோ? அக்கா? ஹலோ?" எழுத்தர் கைப்பேசியைத் தொடாமல், அடியில் கிடக்கும் விண்ணப்பத்தை மட்டும் இரண்டு விரலால் மெல்ல உருவி, கசங்கிய ஓரத்தை நீவிவிடுகிறார்.