பதினாறு எழுத்து

“அண்ணா, உங்க மெயிலை வேற ஒருத்தர் தெனம் தொறந்து பாக்கறாரு.”

ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஷஹீன் பானு இப்படிச் சொன்னதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புது போனில் மெயில் வரவில்லை, சரிபண்ணிக் கொடு என்றுதான் கேட்டிருந்தேன்.

“பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?”

“அது வேறண்ணா. வேற ஆப்ல மெயில் பாக்கணும்னா அதுக்குன்னு தனியா பதினாறு எழுத்துல ஒரு பாஸ்வேர்டு வாங்கணும். உங்க போனுக்கு வாங்கலாம்னு உள்ள போனேன். ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. இன்னிக்குக் காலைலகூட உபயோகிச்சிருக்காங்க.”

“ஒரு மெயிலுக்கு எத்தனை பாஸ்வேர்டும்மா?”

“எத்தனை ஆப்போ அத்தனை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வெக்கணும். இதுக்கு ‘ரஷீத் போன்’னு வெச்சிருக்கு.”

எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஆம்பூரில் இந்த ஷூ யூனிட்டை நானும் அந்த ஆளும் கூட்டாகத்தான் ஆரம்பித்தோம். அப்போது மெயிலைப் பார்த்துக்கொண்டதும் அவன்தான். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் முன்னாலேயே அவன், நான் தைத்த இருநூறு ஜோடியைத் தையல் சரியில்லை என்று ஒதுக்கினான். அன்றோடு பிரிந்தோம். அவன் பெயரைக்கூட நான் வாயால் சொல்வதில்லை. ஒரு கல்யாணத்தில் அவன் எதிரில் உட்கார்ந்தான் என்பதற்காகப் பிரியாணியைத் தொடாமல் எழுந்து வந்தவன் நான்.

“எட்டு வருஷமா வேவு பாத்திருக்கான். அதை எடுத்துடு.”

“ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அந்த ஆளுகிட்ட இன்னா கேக்கறது? எடு.”

எடுத்துவிட்டாள். என் போனுக்குப் புதிதாகப் பதினாறு எழுத்து வாங்கி மெயிலைக் கொண்டுவந்தாள்.

“ஸ்டார் எல்லாம் இதுல வருமா?”

“வரும்ணா.”

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். தினம் ஐம்பது மெயில் வரும். அவசரமானதன் பக்கத்தில் மட்டும் மஞ்சள் ஸ்டார் விழுந்திருக்கும். அதைப் பானுவைப் படிக்கச் சொல்லிப் பதில் போடுவேன். எவனோ நல்ல மெஷின் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வாரமாக ஸ்டாரே விழவில்லை. வேலை கம்மி போலிருக்கிறது என்று இருந்தேன்.

எட்டாம் நாள் ராணிப்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து போன்.

“அருணகிரி, சாம்பிள் கேட்டு மூணு மெயில் போட்டோம். பதிலே இல்ல. இன்னிக்குள்ள சொல்லலேன்னா ஆர்டர் வேற யூனிட்டுக்குப் போய்டும்.”

நாற்பது பேர் தைத்துச் சாப்பிடுவது அந்த ஆர்டரில்தான். பானுவிடம் ஓடினேன்.

“மூணு மெயில் வந்திருக்கு, ஒண்ணுக்குக்கூட ஸ்டார் இல்ல. புது போன் பேஜார் பண்ணுதா?”

“போன் இன்னாண்ணா பண்ணும்? ஸ்டார் தானா விழாது. யாராவது தொட்டு வெக்கணும்.”

“அப்ப இத்தனை நாளா நீதான் வெச்சியா?”

“நான் இல்ல. நீங்க வெக்கறீங்கன்னு இருந்தேன்.”

போனில் பழைய மெயில்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். கடைசி ஸ்டார், அந்தப் பதினாறு எழுத்தை எடுத்த நாளன்று காலையில் விழுந்தது.

ராணிப்பேட்டைக்கு முதலில் பதில் போடச் சொன்னேன். போட்டாள்.

“பானு, எடுத்ததை மறுபடி வெக்க முடியுமா?”

“பழசு வராதுண்ணா. புதுசா வாங்கலாம். ஆனா வாங்கி அவர்கிட்ட யாரு கொண்டுபோய்க் குடுக்கறது?”

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன்:

“ரஷீத் வீடு இன்னும் அதே தெருவுலதானே?”