தோல் செருப்பு உள்ளே வரக்கூடாது

"இந்தப் பொண்ணுதான். போட்டோவ நல்லா பாருங்கம்மா. இங்க தங்கிப் படிக்குதா, இல்லியா?"

கேட்டிலிருந்து வந்த குரல் ஜன்னல் வழியே கூடத்துக்குள் நுழைந்ததுமே நிஷாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா!

எழுந்து ஓடவும் முடியாது. சவாசன நேரம். பாலாற்றங்கரை ஈத்தொல்லைக்குப் பயந்து, வெள்ளைப் போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டு பதினான்கு பெண்களும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அசையக் கூடாது என்பது விதி. அன்றைக்கு நிஷாவைவிட ஒழுங்காக அதைக் கடைப்பிடித்தவர் யாருமில்லை. பக்கத்துப் பாயில் போலந்துக்காரி மார்த்தா குறட்டையே விட ஆரம்பித்திருந்தாள்.

ஆறு மாதப் பயிற்சியில் இன்னும் ஒன்பதே நாள்தான் பாக்கி. அதைக் கடந்துவிட்டால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். பெங்களூரில் ஒரு பள்ளியில் யோகா டீச்சர் வேலையும் தயாராக இருந்தது. நாற்பத்திரண்டு வயது பாண்டியனுக்குத் தன்னைக் கட்டிவைக்க அப்பா நாள் குறித்ததும், ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி, விரிஞ்சிபுரம் பக்கத்திலிருக்கும் இந்த யோகா பள்ளியில் வந்து ஒளிந்தவள் அவள்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றார் ஜோதி டீச்சர். சேர்ந்த அன்றே நிஷா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தாள்.

"இல்லன்னா உள்ள காட்டறதுக்கு இன்னா? பஸ் ஸ்டாண்டுல பார்த்தவங்க சொல்லித்தான் வந்திருக்கோம். டேய் புகழு, நீயும் சொல்லேண்டா!"

அண்ணனும் வந்திருக்கிறான். அப்பாவையாவது காலில் விழுந்து கரைத்துவிடலாம். "கையில மாட்டுனா அவ காலை ஒடைச்சிடுவேன்" என்று புகழேந்தி நடுத்தெருவில் நின்று கத்தியதைத் தோழி ஜாஸ்மின் போனில் சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் செருப்பு நினைவுக்கு வந்தது.

இந்தப் பள்ளிக்குள் தோலுக்கு இடமில்லை. பெல்ட்டோ பர்ஸோ செருப்போ, தோல் என்றால் கேட்டுக்கு வெளியே இருக்கும் ஸ்டாண்டோடு சரி. உள்ளே ரப்பர் செருப்புதான். சுற்றுவட்டாரமே தோலை நம்பிச் சோறு தின்கிற இடத்தில் இப்படி ஒரு சட்டம்!

காலையில் கடைக்குப் போய் வந்தவள் கழற்றிப் போட்ட சிவப்புச் செருப்பு அந்த ஸ்டாண்டில்தான் கிடக்கிறது. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் புகழேந்தி, நோட்டு அட்டையில் அவள் பாதத்தைப் பென்சிலால் வரைந்து அளவெடுத்து, மஞ்சள் நூலால் தன் கையாலேயே தைத்துக் கொடுத்த செருப்பு. வீட்டை விட்டுக் கிளம்பிய அவசரத்தில் காலில் கிடந்தது அதுதான். ஆயிரம் ஜோடிக்கு நடுவில் போட்டாலும் அண்ணன் கண்டுபிடித்துவிடுவான். அப்பாவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

முருகா, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கணுமே!

"நான் உள்ள போய்ப் பார்க்காம நகர மாட்டேன்!" அப்பா கத்தினார்.

"நீ வண்டிகிட்டயே இரு, நைனா. நீ வந்தா சத்தம் போடுவே, ஊரு கூடிடும். நான் பார்த்துட்டு வர்றேன்."

"ஒருத்தர் மட்டும் போங்க. யாரையும் தொடக்கூடாது" என்றார் டீச்சர். அப்பா பின்னாலேயே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அவர் கேட்டிலேயே நின்றுவிட்டார் போலிருந்தது.

வெறுங்கால் சத்தம் கூடத்துக்குள் வந்தது. முதல் வரிசையைக் கடந்தது. மார்த்தாவின் பாயைக் கடந்தது.

நின்றது.

தன் பாதங்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அளவெடுத்தவனுக்குத் தெரியாத காலா? கண்களை இறுக மூடிக்கொண்டாள். காலருகே போர்வை லேசாக அசைந்தது. கையா, ஃபேன் காற்றா? இதோ, இழுக்கப்போகிறான்.

இழுக்கவில்லை. காலடிச் சத்தம் விலகிப் போனது.

"இல்ல, நைனா. பாதி வெள்ளைக்காரங்க, மிச்சம் ஆந்திராக்காரங்க."

"மூஞ்சியப் பார்த்தியாடா?"

"ஒண்ணு விடாம பார்த்துட்டேன். பேஜாரு புடிச்ச அலைச்சல். வா, போலாம்."

யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லையே! இத்தனை பெண்கள் படுத்திருக்கும் இடத்தில் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டான் என்று நிஷா நினைத்துக்கொண்டாள். ஆனால் வெளியே போகும்போது ஸ்டாண்டைப் பார்த்துவிட்டால்? ஒவ்வொரு நொடியும் அப்பாவின் கூச்சலை எதிர்பார்த்துக் கிடந்தாள்.

பைக் கிளம்பியது. சத்தம் ஹைவே பக்கம் தேய்ந்து போனது.

ஜோதி டீச்சர் ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "போய்ட்டாங்கம்மா. எழுந்திரு."

முகத்திலிருந்த போர்வையை மட்டும் விலக்கினாள் நிஷா. "டீச்சர், ஸ்டாண்டுல என் செருப்பு... அதை அவங்க பார்க்கலியா?"

"அதை நெனச்சுத்தான் எனக்கும் உயிரே போச்சு. ஆனா, நான் கேட்டுக்குப் போனப்பவே ஸ்டாண்டுல அதைக் காணோமே. நீதான் முன்னாடியே எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன்னு நெனச்சேன்."

நிஷா குழப்பத்தோடு எழுந்து உட்கார்ந்து போர்வையை உதறினாள். தோல் நுழையவே கூடாத அந்தக் கூடத்தில், அவள் காலருகே போர்வை நுனி மூடியிருந்த இடத்தில், சிவப்புச் செருப்பு இரண்டும் பத்திரமாக இருந்தன.